சர்க்கரை நோய் இருப்பவர்கள் பிரெட் வாங்குவது எப்படி: பாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து மீட்டர் வரை

வீட்டில் ஒருவருக்கு டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்ததுமே வெள்ளை பிரெட் போய் பிரவுன் பிரெட் வந்துவிடும். காலையில் நான்கு துண்டு, சர்க்கரை போடாத காபி, கோதுமைதானே என்ற நிம்மதி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் பழைய எண்ணையே காட்டும். உடனே வீட்டில் பேச்சு மாத்திரை பக்கம் திரும்பும். பெரும்பாலும் மாத்திரை மேல் தப்பில்லை. வாங்கிய பிரெட் பெயரில்தான் பிரவுன். அது உண்மையாகவே கோதுமையாக இருந்தாலும் நான்கு துண்டு என்பது அதிகம்.

பிரெட்டை அடியோடு விட வேண்டியதில்லை. எடை, மாவு, கூடச் சாப்பிடுவது ஆகிய மூன்றையும் சரியாகப் பிடித்தால் வாரத்தில் சில நாள் தாராளமாகச் சாப்பிடலாம். பெயரையும் நிறத்தையும் நம்பி வாங்குவதை மட்டும் விட வேண்டும்.

முதலில் துண்டின் எடை

'இரண்டு துண்டு சாப்பிடலாம்' என்ற அறிவுரையால் பயன் குறைவு, ஏனென்றால் துண்டு ஒரு அளவே இல்லை. 400 கிராம் பாக்கெட்டைப் பிரித்து ஓரத் துண்டுகளையும் சேர்த்து எண்ணுங்கள். 16 இருந்தால் ஒரு துண்டு 25 கிராம். சாண்ட்விச் பிரெட் என்று விற்கும் அகலமான வகையில் ஒரு துண்டு 35 முதல் 40 கிராம் வரை வரும். கையால் நறுக்கிய பேக்கரி பிரெட் இன்னும் தடிமனாக இருக்கும்.

சாதாரண பிரெட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் மாவுச்சத்து உண்டு. 50 என்றே வைத்துக்கொண்டால் சின்னத் துண்டு நான்கில் 50 கிராம் மாவுச்சத்து, பெரிய துண்டு நான்கில் 80 கிராம். இரண்டு வீட்டிலும் 'நாலு ஸ்லைஸ்தான் சாப்பிட்டேன்' என்றுதான் சொல்வார்கள். ரத்தத்தில் ஏறுவது மட்டும் ஒன்றாக இருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சப்பாத்தியை எடுத்துக்கொள்ளலாம். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து, அதாவது சின்னத் துண்டு ஒன்றரை. எனவே 'சப்பாத்திக்குப் பதில் பிரெட்' என்று மாற்றும்போது இரண்டு சப்பாத்திக்கு மூன்று சின்னத் துண்டு சமம். ஒரு வேளைக்கு உங்களுக்கு எவ்வளவு மாவுச்சத்து என்பதை மருத்துவரோ உணவு ஆலோசகரோ சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. யாரும் சொல்லாத நிலையில், 25 கிராம் துண்டு இரண்டில் தொடங்கிப் பார்ப்பது பாதுகாப்பான ஆரம்பம். சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே அளவு சொல்லும்.

பின்பக்கப் பட்டியல்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாமல் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். ஆகவே முதல் சொல்லே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

'ரிஃபைன்ட் வீட் ஃப்ளவர்' என்றால் மைதா. 'ஹோல் வீட் ஃப்ளவர்' அல்லது 'ஆட்டா' என்றால் முழுக் கோதுமை மாவு. வெறும் 'வீட் ஃப்ளவர்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை மைதாவாகவே கருதிக்கொள்வது நல்லது. கோதுமையிலிருந்துதான் மைதாவும் வருகிறது என்பதால் அந்தச் சொல்லில் பொய் இல்லை, ஆனால் உங்களுக்கு வேண்டிய தகவலும் இல்லை.

சதவீதத்தில் பலர் குழம்புவார்கள். முன்பக்கம் '100% முழுக் கோதுமை' என்றிருக்கும், பின்பக்கம் 'ஆட்டா 57%' என்றிருக்கும். இது ஏமாற்று ஆகாது. பிரெட் மாவில் 100 பங்கு மாவுக்கு 60, 65 பங்கு தண்ணீர் சேர்கிறது, ஈஸ்ட், எண்ணெய், உப்பு வேறு. மொத்தத்தில் பார்த்தால் மாவின் பங்கு அவ்வளவுதான் வரும். பார்க்க வேண்டியது, அதே பட்டியலில் மைதா என்ற சொல் வேறு எங்காவது இருக்கிறதா என்று. 'மைதா 34%, ஆட்டா 24%' என்றிருந்தால் அது மைதா பிரெட், கொஞ்சம் கோதுமை கலந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்து கேரமல் நிறம். ஐ.என்.எஸ். 150ஏ, 150டி போன்ற எண்களில் ஒளிந்திருக்கும். இது உடலுக்குக் கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை. முழுக் கோதுமையில் செய்த பிரெட்டுக்கு நிறம் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை, மாவே பழுப்பு. மைதா முதலிடத்திலும் கேரமல் கடைசியிலும் இருக்கும் பிரவுன் பிரெட், சாயம் பூசிய வெள்ளை பிரெட். அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மல்டிகிரெயின் என்று வாங்கினால் தானியங்களின் சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். ஓட்ஸ் 2%, ராகி 2%, சோளம் 1%, ஆளி விதை 1% என்று ஏழெட்டுப் பெயர் வரிசையாக நிற்கும். 25 கிராம் துண்டில் 2% என்பது அரை கிராம், அதாவது ஒரு சிட்டிகை. மேலே தூவிய விதைகள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், துண்டின் உள்ளே இருப்பது மைதாவாகவும் இருக்கலாம். ராகி பிரெட்டும் இப்படித்தான். மாவை இழுத்துப் பிடிக்கும் புரதமான குளுட்டன் ராகியில் இல்லாததால் அது மட்டும் உப்பாது. உப்ப வைக்க வழக்கமாக மைதாவோ கோதுமையோ சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்த்தார்கள் என்பதைப் பெயர் சொல்லாது, சதவீதம்தான் சொல்லும்.

சர்க்கரைக்குப் பல பெயர் உண்டு: இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம். ஈஸ்ட்டுக்காகக் கொஞ்சம் சர்க்கரை போடுவது வழக்கம்தான். பட்டியலில் மாவுக்கும் தண்ணீருக்கும் அடுத்த இடத்திலேயே சர்க்கரை வந்தாலோ, இப்படி இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து வந்தாலோ வேறு பாக்கெட்டைப் பாருங்கள். 'வீட் குளுட்டன்' என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கோதுமையின் புரதம், முழுக் கோதுமை பிரெட் உதிராமல் நிற்கச் சேர்க்கிறார்கள்.

கட்டத்தில் உள்ள எண்கள்

ஊட்டச்சத்துக் கட்டத்தில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணைவிட்டு '100 கிராமுக்கு' என்ற எண்ணையே பாருங்கள். பரிமாறல் அளவை நிறுவனமே முடிவு செய்கிறது, ஒருவர் ஒரு துண்டு என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். 100 கிராம் கணக்கில்தான் இரண்டு பாக்கெட்டை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியும்.

நல்ல பாக்கெட்டுக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளக்கூடிய அளவுகள்: நார்ச்சத்து 6 கிராமோ அதற்கு மேலோ, புரதம் 8 கிராமுக்குக் குறையாமல், சேர்த்த சர்க்கரை 4 கிராமுக்குள், சோடியம் 450 மி.கி. பக்கம். இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் நார்ச்சத்தைப் பாருங்கள். மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்து வரும் எண் 10-க்குள் இருக்க வேண்டும். மாவுச்சத்து 50, நார்ச்சத்து 2.5 என்றால் விடை 20, அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். மாவுச்சத்து 44, நார்ச்சத்து 7 என்றால் விடை 6 சொச்சம், கூடையில் போடலாம். கடையில் நின்றபடியே பத்து விநாடியில் முடிகிற கணக்கு.

நம் ஊர்ப் பாக்கெட்டுகள் பலவற்றில் நார்ச்சத்தே போட்டிருக்காது. அதுவும் ஒரு பதில்தான். நார்ச்சத்து நிறைய இருந்தால் பெரிய எழுத்தில் சொல்லிக்கொள்ளாத நிறுவனம் அரிது. 'நார்ச்சத்து உள்ளது' என்று சொல்ல 100 கிராமில் 3 கிராமாவது இருக்க வேண்டும், 'நார்ச்சத்து மிகுந்தது' என்று சொல்ல 6 கிராம் வேண்டும். ஆனால் அந்த 6 கிராமும் 100 கிராம் பிரெட்டில் இருப்பது. நீங்கள் சாப்பிடும் 50 கிராமில் கிடைப்பது 3 கிராம். நாளுக்குத் தேவை 25 முதல் 30 கிராம். மீதி காய்கறி, கீரை, பயறு வழியாகத்தான் வர வேண்டும்.

வெளிநாட்டு பிரெட் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்கப் பாக்கெட்டில் மாவுச்சத்துக் கணக்கில் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பியப் பாக்கெட்டில் நார்ச்சத்து தனி, மாவுச்சத்தில் சேராது. மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்துக் கணக்குப் போடுபவர்கள் இரண்டு பாக்கெட்டுக்கும் ஒரே மாதிரி கழித்தால் ஐரோப்பிய பிரெட்டில் நார்ச்சத்தை இரண்டு முறை கழித்துவிடுவீர்கள்.

உண்மையான கோதுமை பிரெட்டும் ஏன் ஏற்றுகிறது

கிளைசெமிக் குறியீடு என்ற அளவை 1981-இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு அறிமுகப்படுத்தியது. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடும் கணக்கு. இதில் வெள்ளை பிரெட் 70 முதல் 75 பக்கம் நிற்கிறது. முழுக் கோதுமை பிரெட்டும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

காரணம் அரைப்பில் இருக்கிறது. தவிட்டையும் சேர்த்து நைசாக அரைத்துவிட்டால் தானியத்தின் சுவர் உடைந்துபோகிறது. பிறகு ஈஸ்ட் அதைக் காற்றுக் குமிழிகளால் நிரப்புகிறது, அடுப்பில் மாவுச்சத்து வெந்து குழைகிறது. வாயில் போட்டதும் கரையும் பஞ்சு போன்ற அந்த மென்மை, குடலிலும் அதே வேகத்தில் கரைகிறது. கோதுமையைப் போன்ற ரை என்னும் தானியத்தில் செய்து, உடையாத முழு தானியம் கண்ணுக்குத் தெரியும் ரை பிரெட் 50-55 பக்கம் இறங்குகிறது. பற்கள் வேலை செய்ய வேண்டியிருந்தால் குடலும் நிதானமாக வேலை செய்யும்.

அப்படியானால் முழுக் கோதுமைக்கு ஏன் மாற வேண்டும்? நார்ச்சத்தும் மெக்னீசியமும் கூடுதல், பசி அடங்குகிறது, இரண்டு துண்டில் நிறுத்த முடிகிறது. இவையே போதுமான காரணம். 'கோதுமை' என்ற உரிமத்தில் நான்கு துண்டு சாப்பிடுவதுதான் தவறு.

சவர்டோ என்னும் புளித்த மாவு பிரெட் இன்னொரு நல்ல வழி. நம் இட்லி மாவைப் போல நுண்ணுயிரிகள் பல மணி நேரம் வேலை செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. சென்னை, கோவையில் சில பேக்கரிகளிலும், புதுச்சேரி, ஆரோவில் பக்கமும் கிடைக்கும். வாங்கும்போது கேட்க வேண்டியது இரண்டு: எத்தனை மணி நேரம் புளிக்க வைத்தது, ஈஸ்ட் சேர்த்ததா. மாவு, தண்ணீர், உப்பு இவ்வளவுதான் என்றால் அசல். ஈஸ்ட்டும் வினிகரும் சேர்த்துப் புளிப்பு வரவழைத்திருந்தால் பெயர் மட்டும்தான் சவர்டோ. அசலாக இருந்தாலும் துண்டு கனமானது, ஒன்றே 50 கிராமைத் தொடும். ஒரு துண்டு போதும்.

தெருமுனை பேக்கரி பிரெட்டில் லேபிள் இருக்காது. கடைக்காரரிடம் 'மைதா எவ்வளவு, கோதுமை எவ்வளவு' என்று நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உடனே பஞ்சாக எழும்பி, ஒரே சீரான பழுப்பாக இருந்தால் சந்தேகம் வரட்டும். கொஞ்சம் கனமாக, தவிட்டுத் துகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நம்பலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறும் வகைகள்

ரஸ்க்தான் முதலில் நிற்கும். காய்ச்சல் வந்தால் ரஸ்க், பெரியவர்களுக்கு ரஸ்க், 'லேசான உணவு' என்று ஒரு பெயர். ரஸ்க் என்பது இரண்டு முறை சுட்டு ஈரம் போக்கிய இனிப்பு பிரெட். ஈரம் போனதால் 100 கிராமில் மாவுச்சத்து 70 கிராமைத் தாண்டும். கையில் எடை தெரியாது, டீயில் நனைத்தால் நான்கைந்து சத்தமில்லாமல் போய்விடும். பன்னும் அப்படியே. 70 கிராம் பன் ஒன்றில் 35 கிராம் மாவுச்சத்து, நடுவில் ஜாம் தடவினால் இன்னும் கூடும். மில்க் பிரெட், ஸ்வீட் பிரெட் இரண்டிலும் சர்க்கரை அதிகம்.

'சுகர் ஃப்ரீ' பிரெட்டில் சர்க்கரை இருக்காது, மைதா இருக்கும். மைதா வயிற்றில் குளுக்கோஸாகத்தான் மாறும். 'குளுட்டன் ஃப்ரீ' பிரெட், குளுட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கானது, அரிசி மாவும் மரவள்ளி மாவும் சேர்ந்தது, சர்க்கரை நோய்க்கு அதில் எந்த அனுகூலமும் இல்லை.

தட்டில் பக்கத்தில் என்ன

வெறும் பிரெட்டும் டீயும்தான் சர்க்கரையை மிக வேகமாக ஏற்றும் சேர்க்கை. ஒரு மேசைக்கரண்டி ஜாம், 20 கிராம், அதில் சுமார் 13 கிராம் சர்க்கரை. அதாவது ஜாம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு துண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறீர்கள். பாலில் ஊறவைத்த பிரெட் மெல்லக்கூட வேண்டாம், நேராக இறங்கும்.

இரண்டு துண்டுக்கு இரண்டு முட்டை போட்ட ஆம்லெட், வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய் வைத்தால் 12 கிராம் புரதம் கூடுகிறது. முட்டை வேண்டாமென்றால் பனீர், கொண்டைக்கடலை மசியல், சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை பட்டர், கெட்டியான நிலக்கடலைச் சட்னி. உருளைக்கிழங்கு மசாலா சாண்ட்விச்சில் மாவுக்குள் மாவை வைக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

எதை முதலில் சாப்பிடுவது என்பதும் முக்கியம். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை எடுக்கும் 11 டைப் 2 நோயாளிகளுக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். பிரெட்டும் ஆரஞ்சுச் சாறும் முதலில் என்றும், காய்கறியும் கோழியும் முதலில் என்றும். பிரெட்டைக் கடைசியில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை சுமார் 37% குறைவாக இருந்தது. நம் தட்டில் இதன் பொருள்: ஆம்லெட்டில் பாதியையும் வெள்ளரியையும் முதலில் முடியுங்கள், பிறகு பிரெட்டைத் தொடுங்கள்.

டோஸ்ட் செய்தால் மாவுச்சத்து குறையாது, தண்ணீர்தான் குறையும். நெய்யோ வெண்ணெயோ தடவினால் ஏறும் வேகம் சற்றுத் தளரும், கலோரி கூடும். ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

உங்கள் மீட்டரில் சோதிப்பது

அட்டவணைகள் எல்லாம் சராசரி. ஒரே பிரெட் கணவருக்கு 30 ஏற்றும், மனைவிக்கு 80 ஏற்றும். ஆகவே புதிய பிரெட் வாங்கியதும் மூன்று காலை சோதியுங்கள், மொத்தம் ஆறு ஸ்ட்ரிப் செலவு.

சோப்புப் போட்டுக் கைகழுவி நன்றாகத் துடையுங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறோ ஜாமோ எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும். முதல் வாய்க்கு முன் ஒரு முறை பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாய் வைத்த நேரத்தைக் குறியுங்கள், சாப்பிட்டு முடித்த நேரத்தைக் குறித்தால் கணக்கு தவறும். அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் மறுமுறை பாருங்கள். மூன்று நாளும் அதே துண்டு எண்ணிக்கை, அதே ஆம்லெட், வழக்கமான அதே மாத்திரை. ஒரு நாள் சாப்பிட்டதும் நடந்து, மறுநாள் உட்கார்ந்திருந்தால் பிரெட்டைச் சோதித்ததாக ஆகாது, நடையைச் சோதித்ததாகத்தான் ஆகும்.

சாப்பிடத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180 மி.கி.-க்குள் இருப்பதுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்லும் இலக்கு. உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்கு ஏற்றம் 50-க்குள் இருந்தால் அந்த பிரெட், அந்த அளவு உங்களுக்கு ஒத்துவருகிறது. 50-ஐத் தாண்டினால் முதலில் ஒரு துண்டைக் குறைத்துப் பாருங்கள், பிராண்டை அப்புறம் மாற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வீட்டு மீட்டரில் 15% வரை முன்பின் இருக்கும், எனவே 10, 15 வித்தியாசத்தை வைத்து ஒரு பிரெட்டை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம். பலருக்குக் காலையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. காலையில் ஏற்றிய அதே இரண்டு துண்டு, மாலையில் அவ்வளவு ஏற்றாமல் இருக்கலாம். அப்படித் தெரிந்தால் பிரெட்டை மாலைக்கு மாற்றிவிடுங்கள்.

மாத்திரையோடு சேர்த்து யோசிக்க வேண்டியது

கிளிமிபிரைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நான்கு துண்டிலிருந்து திடீரென்று ஒன்றுக்கு இறங்கக்கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றது, சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். அப்படித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம் வந்தால் பிரெட்டைத் தேடாதீர்கள், நார்ச்சத்து உள்ளது மெதுவாகத்தான் உதவும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ 15 கிராம் குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய கீட்டோ பிரெட் முறைக்குப் போக நினைப்பவர்கள் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, மீட்டரில் சர்க்கரை அதிகமாகத் தெரியாமலேயே அது வரலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு முழுத் தானியத்தின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் தனிக் கணக்கு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த பிறகு

முழுக் கோதுமை பிரெட் நம் வெயிலில் மூன்று நான்கு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் சீக்கிரம் வறண்டு போகும். வாங்கிய அன்றே இரண்டிரண்டு துண்டாகப் பிரித்துச் சின்னப் பைகளில் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். காலையில் ஒரு பையை எடுத்து நேராக டோஸ்டரிலோ தோசைக்கல்லிலோ போடலாம். உறைந்து பிறகு சுடும் பிரெட்டில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி செரிக்கக் கடினமாக மாறுவதால் ஏற்றம் சற்றுக் குறையவும் வாய்ப்பு உண்டு. பச்சையாகப் புள்ளி தெரிந்தால் அந்த ஓரத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடாமல் பாக்கெட்டையே தூக்கிப் போடுங்கள், பூஞ்சையின் வேர் உள்ளே பரவியிருக்கும்.